தலைவரியும் துணி மூட்டைச் சீனரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஒரு சீன முகத்துப் பெண் ஏறினார். பின் சீட்டில் இருந்த நம் பொடியன்கள் இரண்டு பேர், "நாட்டை வாங்கினது காணாதா, பஸ்ஸும் வேணுமா" என்று சத்தமாகச் சிரித்தார்கள். அவர் திரும்பி, தான் பிறந்ததே மருதானையில்தான் என்றார், தமிழில். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

கொழும்பில் சீனர் கட்டும் துறைமுக நகரம், சீனாவிடம் பட்ட கடன் என்று சீன அரசின் மேல் கோபம் இருந்தால் அரசைக் கேளுங்கள். இந்தப் பெண்ணின் ஆட்கள் அதற்கெல்லாம் பல காலம் முன்பே வந்தவர்கள். சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்றவர்களும், பல் கட்டிய சீன வைத்தியர்களும் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கேயே பிறந்தும் அவர்களில் பலருக்கு எந்த நாடும் இல்லை, 2008இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போன தேயிலைத் தோட்டத்து மக்களின் பேத்தி நான், அந்த வலியை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கனடா. நம் வீடுகளில் ரொறன்ரோவுக்கு ஒருவரை அனுப்பிவிட்டால் பிறவிப் பயன் கிடைத்த மாதிரி. அந்த நாட்டில் பசிபிக் ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான சீனரைக் கொண்டுவந்து மலையில் வெடி வைக்க விட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பாதை முடிந்த அதே 1885இல் உள்ளே வரும் சீனருக்கு 50 டொலர் தலைவரி போட்டார்கள். 1900இல் அது 100. 1903இல் 500, அன்றைக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடக் கூலி. வேறு எந்த இனத்தாருக்கும் அப்படியொரு வரி இல்லை. கடன்பட்டுக் கட்டியும் ஆட்கள் வந்ததால் 1923இல் கதவையே சாத்தினார்கள், திறந்தது 1947இல். புருஷன் வன்கூவரில், பெண்சாதி பிள்ளைகள் சீனக் கிராமத்தில், இப்படியே 24 வருடம்! பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006இல். உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் துணைவர்களுக்கும் தலைக்கு 20,000 டொலர் கொடுத்தார்கள், ஆனால் வரி கட்டியவர்களில் மிச்சமிருந்தவர்கள் மிகச் சிலர்.

உங்கள் ஞாயிறு இதழில் கனடாவில் முன்னுக்கு வந்த நம்மவர்களைப் பற்றி நிறைய வருகிறது, வாசிக்கச் சந்தோஷம்தான். கொழும்புச் சீனர் ஒருவரையும் பேட்டி எடுத்துப் போடுங்கள். சைக்கிள் மிதித்தவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது வயதாகிவிட்டது, சீக்கிரம் போய்க் கேளுங்கள்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு