கட்டி முடித்த பள்ளிக் கட்டடத்தைத் திறக்க உரிமம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர்கள்,
அரசு உதவிபெறும் கிறிஸ்தவ நடுநிலைப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: புதிய வகுப்பறை, கழிப்பறைக் கட்டடத்துக்குக் கட்டட உரிமம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கண்மாய்க் கரையில் உள்ள எங்கள் பள்ளியைத் தாங்கள் அறிவீர்கள். தேர்தல் என்றால் வாக்குச்சாவடி, வெள்ளம் என்றால் நிவாரண முகாம். தாங்களே வந்து பார்வையிட்ட இடம்தான். இதற்கு முன் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. தொடக்கப்பள்ளியாக இருந்தது நடுநிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் கிடைத்ததும் சின்னப் பிள்ளைகளின் சேர்க்கை இன்னும் கூடியது. அரசுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் இடம் மட்டும் கூடவில்லை. எண்ணும் எழுத்தும் பாடமுறையில் சின்னப் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாக உட்கார வைக்க வேண்டும். இங்கே ஒரே கூடத்தில் பீரோவைக் குறுக்கே நிறுத்தி இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. ஆறு முதல் எட்டு வரை தகரக் கொட்டகையில் படிக்கிறார்கள்.

2. அரசிடம் கட்டடம் கேட்டு நாங்கள் காத்திருக்கவில்லை. அறுப்பின் பண்டிகை (தேவாலய அறுவடைத் திருநாள்) ஏலப் பணம், சபை மக்களின் காணிக்கை, பழைய மாணவர்களின் நன்கொடை எல்லாம் சேர்த்துக் கட்டினோம். இந்து, முஸ்லிம் குடும்பங்களும் சிமெண்டும் செங்கலும் கொடுத்தார்கள். ஆறு வகுப்பறை, அறிவியல் ஆய்வகம், ஸ்மார்ட் போர்டு, சாய்தளம், பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியுடன் தனிக் கழிப்பறை. எல்லாம் முடிந்து பூட்டிக் கிடக்கிறது.

3. விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. உரிமம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று மூன்றும் தாளாளர் வாங்கிக் கொடுத்துவிட்டார். நில உட்பிரிவு வரைபடம் ஒன்றுதான் பாக்கி என்கிறார்கள். அதற்கு நில அளவர் வர வேண்டும். அவர் வரவில்லை. இப்படியே போனால் வாங்கிய சான்றுகளும் காலாவதியாகிவிடும், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்கி வரச் சொல்வீர்கள்.

4. ஐயா, எங்களை வதைப்பது இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் பழைய கட்டடத்தில் இருப்பது இரண்டே கழிப்பறை. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளை மணி அடித்தால் வரிசையில் பாதிப் பேர் நிற்கும்போதே அடுத்த பாடவேளை தொடங்கிவிடுகிறது. அதனால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி அரசு வாட்டர் பெல் அடிக்கச் சொல்கிறது, மணியும் அடிக்கிறது, எங்கள் பெண்கள் பாட்டிலைத் திறப்பதில்லை. நிரப்பி அனுப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வருகிறது. தகரக் கொட்டகைக்குள் அந்த வெயிலில் நாள் முழுக்கத் தொண்டை நனையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனால், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லையா என்று எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது? புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறீர்கள். அதை மாற்ற இடம் எங்கே? மாதத்தில் அந்த மூன்று நாள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்கள் பள்ளிக்கே வருவதில்லை. பாடம் விட்டுப்போகிறது, பிறகு படிப்பே பிடிக்காமல் போகிறது. 1707-லேயே தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். இத்தனை காலம் கழித்து எங்கள் பெண்கள் கழிப்பறை இல்லாமல் படிப்பை விடவா? கல்வி உரிமைச் சட்டத்தை நாங்கள் படித்துச் சொல்ல வேண்டியதில்லை, தாங்கள் அறியாததா? புதுக் கழிப்பறை இருபதடி தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள்.

5. பள்ளியில் கேட்டால் கோப்பு தாலுகாவில் என்கிறார்கள். தாலுகாவில் கேட்டால் கல்வித் துறையின் கருத்துரை வரவில்லை என்கிறார்கள். இணையத்தில் கொடுத்த மனு "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று முடித்து வைக்கப்பட்டுவிட்டது. யார் அந்த உரிய அலுவலர்?

6. நில அளவரை ஒரு தேதி குறித்து அனுப்புங்கள். ஒரு காலை வேலை.

7. உரிமம் தாமதமாகும் என்றால், தனியாக நிற்கும் கழிப்பறைப் பகுதியையாவது ஆய்வு செய்து முதலில் திறக்க உத்தரவிடுங்கள். வகுப்பறைக்குக்கூடப் பொறுத்துக்கொள்கிறோம், இதற்குப் பொறுக்க முடியாது.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். பெற்ற வயிறு பேசுகிறது. தயவுசெய்து இந்த மனுவையும் கீழே அனுப்பிவிடாமல், தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்த்து, கட்டட உரிமம் கிடைக்க உத்தரவிடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். கழிப்பறையையாவது உடனே திறந்து கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)