அது லீவு கணக்கு இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு சப்ளிமெண்ட்ல, மத்தியகால ஐரோப்பாவுல விவசாயிங்க வருஷத்துக்கு 150 நாள்தான் வேலை பாத்தாங்க, மிச்ச நாளெல்லாம் லீவும் திருவிழாவும்தான்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. வாட்ஸ்ஆப்ல ரொம்ப நாளா சுத்துற ஃபார்வேர்டுதான், ஆனா பேப்பர்ல அச்சாகி வந்தா பசங்க அப்படியே நம்பிடுவாங்க, அதனாலதான் எழுதுறேன்.

இங்கிலாந்தையே எடுத்துக்குவோம். அங்க 13ஆம் நூற்றாண்டுல இருந்து நிலப்பிரபுக்களோட பண்ணைக் கோர்ட்டு ஏடுகளும் கணக்குகளும் நிறைய மிஞ்சியிருக்கு. பண்ணை நிலத்துல ஒரு பகுதி பிரபுவோட சொந்த சாகுபடி, மிச்சம் குடியானவங்க கையில. பிரபுவுக்குக் கட்டுப்பட்ட குடியானவன் பல ஊர்கள்ல வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் அவர் நிலத்துல கூலியில்லாம உழைக்கணும், அறுப்பு வந்தா அதுக்கு மேலயும் போகணும். (எல்லா ஊர்லயும் இப்படி இல்ல, குத்தகையைப் பணமா கட்டிட்டு சுதந்திரமா இருந்தவங்களும் உண்டு.) கணக்கு ஏட்டுல ஏறுனது இந்தக் கட்டாய வேலையும் கூலி வேலையும்தான். அவன் தன்னோட துண்டு நிலத்தை உழுதது, களை எடுத்தது, ராத்திரி மாட்டுக்குத் தண்ணி காட்டுனது, கூரை வேய்ஞ்சது, விறகு பொறுக்குனது, இதையெல்லாம் எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதல. எழுதாததை லீவுன்னு எண்ணுறது எப்படிங்க நியாயம்? புனிதர் நாளுங்க நிறைய இருந்தது உண்மைதான், ஆனா அன்னைக்கும் பால் கறக்காம விட முடியாதே.

பெண்கள் வேலை அதைவிட மறைஞ்சு கிடக்கு. நூல் நூற்கிறது, பீர் காய்ச்சுறது, கோழி, தோட்டம், புள்ளைங்க, இதோட அறுப்புக்கும் போகணும். 14ஆம் நூற்றாண்டுல ஜெஃப்ரி லட்ரெல்ங்கிற பிரபு காசு கொடுத்து எழுத வச்ச, படங்களோட இருக்குற பைபிள் சங்கீதப் புத்தகம் ஒண்ணு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. அதுல ஒரு பக்கத்துல அந்தப் பிரபு குடும்பத்தோட விருந்து சாப்பிடுறார். இன்னொரு பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க குனிஞ்சு அரிவாளால அறுக்க, மூணாவது ஆள் நிமிர்ந்து இடுப்புல கை வச்சு முதுகை நெளிக்கிறா. சப்ளிமெண்ட்ல விருந்துப் படத்தை மட்டும் போட்டீங்க, இந்தப் படத்தையும் பக்கத்துல போட்டிருந்தா பெட்டிச் செய்தியே தேவைப்பட்டிருக்காது.

நாள் கணக்கு மட்டும் இல்ல, எடுத்ததையும் பாக்கணும். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண பிரபுகிட்ட காசு கட்டி அனுமதி வாங்கணும். வீட்டுக்காரர் செத்தா வீட்டுல இருக்குற நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிட்டுப் போவார், அடுத்த நல்ல மாட்டை பல இடத்துல சர்ச்சு எடுத்துக்கும். விளைச்சல்ல பத்துல ஒரு பங்கும் சர்ச்சுக்குத்தான். விதைச்சதுல நாலு மடங்கு கோதுமை வந்தாலே பரவாயில்லங்கிற காலம் அது, அதுலயும் அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்கணும். 1315ல இருந்து 1317 வரைக்கும் மழை விடாம பெஞ்சு பயிர் அழிஞ்சப்போ எத்தனையோ பேர் பட்டினியில செத்துப்போனாங்க.

இதுல என்னால மறக்க முடியாதது இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ்ங்கிற ஊரோட கதை. அங்க கிறிஸ்தவ மடத்தோட மடாதிபதிதான் நிலத்துக்குப் பிரபு. ஊர்க்காரங்க தானியத்தை மடத்து மில்லுலதான் அரைக்கணும், அரைக்கிறதுக்கு ஒரு பங்கு மடத்துக்கு விடணும். வீட்டுல திருகை வச்சு அரைச்சுக்கிட்டவங்களோட திருகைக் கல்லை எல்லாம் 1330கள்ல ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டுங்கிற மடாதிபதி பறிச்சு, மடத்து வரவேற்பறைத் தரையில பதிச்சுட்டார். இவர் அருமையான வானியல் கடிகாரம் செஞ்ச பெரிய அறிவாளி, ஒரு கொல்லரோட மகன். அப்படிப்பட்டவரே இதைச் செஞ்சார்ங்கிறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஏறக்குறைய 50 வருஷம் கழிச்சு, 1381 ஜூன்ல தலைவரிக்கு எதிரா விவசாயிங்க கிளம்பினப்போ, செயின்ட் ஆல்பன்ஸ் ஜனங்க மடத்துக்குள்ள புகுந்து அந்தத் தரையைத் தோண்டி, கல்லை உடைச்சு ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போனாங்க. பாட்டன் காலத்துத் திருகையை அவங்க மறக்கல. வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல ஜாலியா இருந்த ஜனம் இப்படி வந்து தரையைத் தோண்டுமா சொல்லுங்க.

1348-49ல பிளேக் வந்து மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் ஜனம் போனதும் ஆள் கிடைக்காம கூலி ஏறுச்சு, உடனே 1351ல பழைய கூலிக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அப்புறமும் ஜனங்க ஊரைவிட்டு ஓடி, பேரம் பேசி, அடுத்த நூறு வருஷத்துல அந்தக் கட்டு கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்துச்சு.

இன்னைக்கு ஆபீஸ்ல லீவு கம்மின்னு கேக்கணும்னா தாராளமா கேக்கலாம், நானும் சேர்ந்து கேக்குறேன். அதுக்கு இவங்க உழைப்பை இல்லேன்னு ஆக்க வேண்டாம். வர்ற ஞாயிறு அதே பக்கத்துல அந்த 150 நாள் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்க. இடம் இருந்தா திருகைக் கல்லு கதையையும் சேர்த்துப் போடுங்க, பசங்க படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
கரூர்