தொட்டியைத் தாங்கும் பனை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டாரும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் பிழைதான். ஆனால், மகளுக்கு நான்கடி மீன்தொட்டி வாங்கி ஹோலில் இருக்கும் புத்தக அலுமாரியின் மேல் வைக்கப்போவதாக நீ பெரியண்ணையிடம் சொன்னாய் என்று நேற்று அறிந்த பிறகு, இனி ஒரு நாளும் பிந்தக் கூடாதென்று இதை எழுதுகிறேன். தயவுசெய்து அதை அந்த அலுமாரியில் வைத்துவிடாதே.

நான் பட்டதைக் கேள். நகரத்துக் கடையொன்றில் வாங்கிய, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பெட்டியின் மேல்தான் இரண்டு வருடமாக என் தொட்டி இருந்தது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சிந்திய துளிகள் அடிப்பலகைக்குள் ஊறி, அது நனைந்த ரொட்டியைப் போல் உப்பியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. போன மாசியில் ஒரு நாள் இரவு, தொட்டியின் இடது முனையில் தண்ணீர் மட்டம் வலது முனையைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்ததை என் மகன்தான் முதலில் கண்டான். குனிந்து பார்த்தால் இடப்பக்கப் பலகை வில்லைப் போல் வளைந்திருந்தது. நானும் அவனும் நடுச்சாமம் வரை குழாய் போட்டுத் தண்ணீரை முற்றத்துக்கு இறக்கினோம். கண்ணாடி தப்பியது, மீன்களும் தப்பின. ஆனால் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் என் பேத்தி பாய் போட்டுப் படுப்பாள் என்ற நினைவு என்னை இன்னும் விடவில்லை.

நீ கணக்கில் என்றும் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆகவே கணக்காகவே சொல்கிறேன். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட தொட்டி 9 கன அடி. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாலும் தண்ணீர் மட்டும் 220 கிலோ வரும். 10 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு 50 கிலோவும் கல்லுக்கும் மணலுக்கும் 40 கிலோவும் சேர்த்தால், இரவு பகலாக இறக்கி வைக்க முடியாத 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அது.

புதிய தாங்கியை நானே செய்தேன். அப்பப்பாவின் நாற்சார் வீட்டைப் பிரித்தபோது, விறகுக்குப் போகாமல் நான் மறித்து வைத்த பனை வளைகள், அந்தக் கூரை மரங்கள், உனக்கு நினைவிருக்கும். அவற்றிலிருந்து மூன்றங்குலச் சதுரத்தில் நான்கு கால்களும், முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொன்றுமாக ஆறு கால்கள் அறுத்தேன். வைரம் பாய்ந்த பனையில் முன்கூட்டித் துளைபோடாமல் திருகாணி ஏற்றினால் நார் பிளந்துவிடும் என்பதை இரண்டு துண்டைக் கெடுத்த பிறகே கற்றேன். முதலில் மேற்சட்டத்தைக் கால்களின் பக்கத்தில் திருகாணியால் பூட்டியிருந்தேன். பார்க்க வந்த தச்சு ஆசாரியார் எதுவும் பேசாமல் சட்டத்தைக் கழற்றிக் கால்களின் தலையில் வைத்துவிட்டு, "மரம் மரத்தில் இருக்கட்டும், தம்பி, ஆணி பிடிக்க மட்டும்தான்" என்றார். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்தச் சொல்லை உன்னிடம் சேர்ப்பதற்காகத்தான். பாரம் முழுவதும் மேற்சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து நிலத்துக்கும் மரத்தின் வழியாகவே இறங்க வேண்டும். எந்த இடத்திலும் அது திருகாணியில் தொங்கக் கூடாது.

அடுத்தது ஆட்டம். கால்கள் எவ்வளவு பருமனாக இருந்தாலும், சட்டம் பக்கவாட்டில் சாய்ந்தால் எல்லாம் வீண். மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒத்துவந்த பிறகு, பின்புறம் முழுவதையும் பிளைவூட் பலகையால் அடைத்துப் பசையும் திருகாணியும் போட்டேன். அதன் பிறகு தோளால் தள்ளியும் அசையவில்லை. முன்கதவுகள் அழகுக்கும் வடிகட்டியை மறைப்பதற்கும் மட்டுமே. அவை எதையும் தாங்குவதில்லை. உள்ளும் புறமும், முக்கியமாக அறுத்த விளிம்புகளுக்கு, மூன்று முறை வார்னிஷ் பூசினேன். கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் ஏழு சீமெந்து மூடைகளை அதன் மேல் இரண்டு நாள் அடுக்கி வைத்து, ரசமட்டத்தால் காலையும் மாலையும் பார்த்தேன். எங்கள் பழைய நிலம் முற்றத்துப் பக்கம் சற்றுச் சரிவு. அதற்கான ஆப்பைத் தாங்கியின் காலுக்குக் கீழேதான் வைத்தேன். தொட்டிக்குக் கீழே வைத்திருந்தால் கண்ணாடி ஒரு புள்ளியில் நெரிந்து வெடித்திருக்கும்.

உன் ரொறன்ரோ வீட்டின் நிலம் மரம் என்பதால் உனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பலகைக்குக் கீழே ஓடும் குறுக்குமரங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்து, தாங்கி அவற்றில் பலவற்றுக்குக் குறுக்காகக் கிடக்கும்படி, பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வை. அங்கே இரண்டுக்கு நான்கு என்று விற்கும் மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். வெட்டுவதற்கு முன் அளந்துகொள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் நான் கப்பி மீனும் மொலி மீனும்தான் வளர்க்கிறேன். குட்டிகள் நிறையவே பெருகியிருக்கின்றன. அம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை உன்னை விசாரிக்கிறா.

தொட்டியின் சரியான அளவையும், அது நிற்கப்போகும் சுவரின் நீளத்தையும் உடனே எழுது. படம் வரைந்து அனுப்புகிறேன். அதுவரை தொட்டி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

உன் அன்பு நண்பன்