டைவ் கம்ப்யூட்டரில் எது ‘சேஃப்’ என்று கேட்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்ச் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் மெர்சிங்குக்குப் பேருந்து ஏறும் முக்குளிப்பாளர்களில் நம் இளையர்களையும் பார்க்கலாம். முதன்முதலாக டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் கைக்கருவி) வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணே, எது சேஃப்?” கடைக்காரர் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்வார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. நிமிடங்களைத் தருவதில் கருவி கறாராக இருப்பதும் தாராளமாக இருப்பதும் பிராண்டைவிட, அதற்குள் இருக்கும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. அந்த அமைப்பை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆழத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது; விரைந்து மேலே வந்தால் அது குமிழியாகி நோயைத் தரும். கையில் கட்டியிருக்கும் கருவி உடம்பில் ஏறிய அந்த நைட்ரஜனை அளப்பதில்லை. அது முக்கியமாக அறிந்திருப்பது நீரின் அழுத்தமும் கடந்த நேரமும்தான். அவற்றை வைத்துக்கொண்டு, கற்பனையான சில திசுப் பெட்டிகளில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கும், எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. 1908ல் ஹால்டேன் வெளியிட்ட கணக்கில் ஐந்து பெட்டிகள் இருந்தன. சூரிச்சில் ஆல்பர்ட் பியூல்மன் வகுத்த ZHL-16 முறையில் பதினாறு; மிக வேகமான பெட்டி 4 நிமிடத்தில் பாதி நிறையும், மிக மெதுவானதற்கு 635 நிமிடம் ஆகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ‘இதற்குமேல் அழுத்தம் மிஞ்சியிருக்க மேலே வராதே’ என்று ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் சுகம், அந்தப் பக்கம் நோய் என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லையை நெருங்க நெருங்க ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, அவ்வளவே. ஆகவே எல்லைக்கு எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். தயாரிப்பாளர்கள் பிரிவது இங்கேதான்.

ஷியர்வாட்டர், கார்மின் இரண்டும் பியூல்மன் கணக்கையே பயன்படுத்தி, ‘கிரேடியன்ட் ஃபேக்டர்’ என்ற சதவீதத்தால் எல்லையை முன்னால் இழுக்கின்றன. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு இரண்டிலும் மூன்று நிலைகள்: லோ 45/95, மீடியம் 40/85, ஹை 35/75. இரண்டாவது எண் 85 என்றால், அனுமதிக்கப்பட்ட மிகை அழுத்தத்தில் 85 சதவீதத்துக்குமேல் இல்லாமல் நீர்மட்டத்துக்கு வர வேண்டும் என்று பொருள். ‘லோ’ என்பதை ‘ஆபத்து குறைவு’ என்று படித்துவிடும் புதியவர்கள் உண்டு. பொருள் நேர் எதிர். அங்கே குறைவது எச்சரிக்கை. கறாரான நிலை ‘ஹை’தான்.

இதனால் எத்தனை நிமிடம் வித்தியாசம்? சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால், அன்றைய முதல் முக்குளிப்பில், சாதாரணக் காற்றில், 30 மீட்டர் ஆழத்தில் நோ-டெகோ நேரம் (வழியில் ‘டெகோ’ எனும் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரக்கூடிய நேரம்) லோவில் ஏறத்தாழ 15 நிமிடம், மீடியத்தில் 12, ஹையில் 10. 18 மீட்டரில் 54, 43, 33. (மாதிரிக்கு மாதிரி ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கும்.) பேடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் பழைய அட்டவணை 30 மீட்டருக்கு 20 நிமிடமும் 18 மீட்டருக்கு 56 நிமிடமும் தருகிறது. ஒரே கடலில் ஒரே ஆழத்தில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு 10 நிமிடம், இன்னொருவருக்கு 15 என்றால் கருவி எதுவும் பழுதாகவில்லை. இரண்டும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கின்றன.

இந்த வித்தியாசம் எல்லா இடத்திலும் உறைக்காது. வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் காற்று. 50 பார் மிச்சம் வைத்தால் பயன்படுவது சுமார் 1,650 லிட்டர். நீர்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 18 மீட்டரில் அது அரை மணி நேரம்கூட வராது. மேலே சொன்ன 33 நிமிடத்துக்கு முன்பே காற்று தீர்ந்துவிடும். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவின் ஆழமற்ற பாறைத்திட்டில் கலங்கல் நீரைத் துழாவிக்கொண்டிருப்பவருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். 30 மீட்டரில் அதே காற்று 20 நிமிடம் வரும், நோ-டெகோ அதற்கு முன்பே முடியும். ஆகவே மெர்சிங்குக்கு அப்பாலுள்ள டாயாங் தீவின் ஆழமான முனைகளிலும், பாலியில் துலாம்பெனில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலின் அடிப்பகுதியிலும், ஒரே நாளில் மூன்றாவது, நான்காவது முறை இறங்கும்போதும்தான் இந்த அமைப்பு உண்மையில் பேசத் தொடங்குகிறது.

கிரேடியன்ட் ஃபேக்டரைக் கையால் மாற்றத் தெரிந்தவர்கள் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 40/85ஐ 30/85 ஆக்கிவிட்டு, ‘இப்போது கூடுதல் பாதுகாப்பு’ என்று நிம்மதி அடைகிறார்கள். முதல் எண், டெகோ நிறுத்தம் கட்டாயமாகும்போது முதல் நிறுத்தம் எவ்வளவு ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதற்கானது. டெகோவுக்குள் போகாத முக்குளிப்பில் அதை மாற்றினால் நோ-டெகோ நேரம் ஒரு நிமிடம்கூட மாறாது. மாற்ற வேண்டியது இரண்டாவது எண்.

சூண்டோ என்ற தயாரிப்பாளரின் சங்கதி வேறு. அதன் பெரும்பாலான மாதிரிகளில் ஓடுவது ப்ரூஸ் வியன்கேயின் குமிழி அடிப்படையிலான ஆர்ஜிபிஎம் கணக்கு. நிலைகள் P0, P1, P2 என்று கறாராகிக்கொண்டே போகும். புதிய மாதிரிகளில் தாராளத்தின் பக்கம் P-1, P-2 என்றும் உண்டு. காலையில் முதல் இறக்கத்தில் இது மற்றவற்றோடு ஒத்துப்போவதுபோலத் தெரியும். இடைவேளையைச் சுருக்கிக்கொண்டு மீண்டும் இறங்கினாலோ, வேகமாக மேலே வந்தாலோ, முதலில் ஆழமற்ற இடத்துக்குப் போய்ப் பிறகு ஆழத்துக்குப் போனாலோ, அடுத்த முக்குளிப்பில் நிமிடங்களைப் பிடித்துக்கொள்ளும். வார இறுதியில் ஆறேழு முறை இறங்கும் நம்மவர்கள் “ரெண்டாவது நாள் இது ரொம்பப் படுத்துது” என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். அலுத்துக்கொள்ளாமல் மதிய இடைவேளையை இன்னும் அரை மணி நேரம் நீட்டிப் பாருங்கள்; கணக்கு தளர்ந்துவிடும்.

குமிழிக் கணக்கு என்பதாலேயே அது மேலானது என்று எண்ணவும் வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2011ல் வெளியிட்ட சோதனையில், 170 அடி ஆழத்தில் 30 நிமிடம் இருந்துவிட்டு, குமிழிக் கணக்கு சொல்வதுபோல் ஆழத்திலேயே நிறுத்தங்களைத் தொடங்கியவர்களிடம் 198 முக்குளிப்பில் 11 பேருக்கு நோய் வந்தது. ஆழம் குறைந்த இடத்தில் நின்றவர்களிடம் 192ல் 3 பேருக்கு. நம் பொழுதுபோக்கு முக்குளிப்பு அவ்வளவு கடுமையானதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் ‘டீப் ஸ்டாப்’ என்று திரையில் ஒன்று வந்தால் அதற்காகக் காற்றைச் செலவழிப்பதைவிட, 5 மீட்டரில் வழக்கமான மூன்று நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் நிற்பதே மேல் என்பது என் கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரெஸ்ஸி லியனார்டோவில் SF0 முதல் SF2 வரை. ஸ்கூபாப்ரோவின் பல மாதிரிகளில் L0 முதல் L5 வரை. எண் கூடக் கூடக் கறார். ஓஷியானிக்கின் பல மாதிரிகளில் இரண்டு கணக்குகள் உண்டு: பேடி அட்டவணையின் வழிவந்த தாராளமான டிசாட், பியூல்மன் வழிவந்த கறாரான இசட் பிளஸ். ஒரே பிராண்டு, ஒரே கருவி, இரண்டு குணம்.

வாடகைக் கம்ப்யூட்டரில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். தண்ணீரில் குதிப்பதற்கு முன் படகிலேயே மூன்றைப் பாருங்கள். முதலாவது, கறார் நிலை: போன வாரம் எடுத்தவர் என்ன வைத்தாரோ அதுவே இருக்கும். இரண்டாவது, வாயு: முன்னவர் நைட்ரோக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை) என்று வைத்திருந்து நீங்கள் சாதாரணக் காற்றில் இறங்கினால், கருவி உங்களுக்கு இல்லாத நிமிடங்களைத் தரும். மாறாக, நைட்ரோக்ஸை மூச்சிழுத்துக்கொண்டு காற்று என்று வைத்திருப்பதைப் பலர் கூடுதல் பாதுகாப்பாகச் செய்கிறார்கள். நைட்ரஜனைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஆக்சிஜன் நஞ்சாகாமல் இருக்க வைத்த 1.4 பார் எல்லை 32 சதவீதத்துக்கு ஏறத்தாழ 33 மீட்டரில் வந்துவிடும். காற்று என்று நம்பியிருக்கும் கருவி அங்கே எச்சரிக்காது. மூன்றாவது, மிச்ச நைட்ரஜன்: இன்று காலை வேறொருவர் கட்டியிருந்தால் அவருடைய கணக்கு அதில் இருக்கும். முந்தைய கணக்கை அடியோடு அழித்த கருவி இன்னும் மோசம். காலையில் நீங்கள் இரண்டு முறை இறங்கியது அதற்குத் தெரியாது. நாள் நடுவில் கருவியை மாற்றக் கூடாது என்பது இதனால்தான். சில மாதிரிகளில் பேட்டரியை மாற்றினாலும் இந்தக் கணக்கு அழிந்துவிடும். இரண்டு முக்குளிப்புக்கு நடுவே பேட்டரியைத் தொடாதீர்கள்.

ஜோடியாக இறங்கும்போது இருவரில் எவருடையது கறாரோ அதன்படியே இருவரும் மேலே வர வேண்டும். “உன்னோடது ரொம்ப பயந்தாங்கொள்ளி, என்னோடதப் பார்த்துக்கலாம்” என்று தண்ணீருக்கடியில் சைகை காட்டுவது கூடாது. ஒருவரின் கருவி டெகோவுக்குள் போய்விட்டால் அவர் நின்றே ஆக வேண்டும். அதன் கட்டளையை மீறி மேலே வந்தால் சூண்டோவின் பல மாதிரிகள் 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், எஞ்சிய வார இறுதி படகில்தான். ஷியர்வாட்டர் பூட்டாது, ஆனால் உடம்பில் ஏறிய நைட்ரஜனுக்கு அந்தச் சலுகை தெரியாது.

எந்த நிலையை வைப்பது என்று கேட்டால், வயது கூடியவர்களும், உடல் பருத்தவர்களும், இரவுப் பேருந்தில் தூங்காமல் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வந்தவர்களும் ஒரு படி கறாராக வைத்துக்கொள்ளட்டும். கருவிக்கு இவை எதுவும் தெரியாது. நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாத சிறு துளை இருக்கும், அதுவும் தெரியாது. பாலியிலிருந்து விமானத்தில் திரும்புகிறவர்கள் ஒருமுறை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்; டெகோ செய்திருந்தால் அதைவிடக் கூடுதலாக. கருவி அதற்கு முன்பே ‘பறக்கலாம்’ என்று காட்டினாலும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்குளித்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், வழக்கமில்லாத அசதி, தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பு எது வந்தாலும் சுத்த ஆக்சிஜன் கொடுத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இதற்கென்றே அழுத்த அறைப் பிரிவு இருக்கிறது. “கம்ப்யூட்டர் டெகோ காட்டவே இல்லையே” என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். போகும்போது கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் ஏறினீர்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பதிவை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முக்குளிப்புப் பயிற்றுநர் ஒருவர்,
பிடோக்