ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்த விதைகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சோலைச் செடி (மலைக்காட்டுச் செடி) நாற்றங்காலுக்கு, பாத்தியைச் சேற்றோடு கீழே இழுத்துப்போன அந்த இரண்டு நாள் மழையில் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உங்களில் பலர் நேரிலேயே வந்து பார்த்துவிட்டீர்கள். ஆகவே அதை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. சேறு இன்னும் முழுதாக அள்ளி முடியவில்லை. அள்ளி முடித்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இந்த நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்று தோன்றியதால் இன்றே எழுத உட்கார்ந்தேன்.

சாலையில் விழுந்த மரத்தை அறுத்து வழி ஏற்படுத்திய இளைஞர்களுக்கும், கூலி வாங்க மறுத்து நான்கு நடை வந்த ஜீப் ஓட்டுநருக்கும், தார்ப்பாய்களை இரவோடு இரவாகக் கொண்டுவந்து இறக்கியவர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து அறுநூறு நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிப் போட்ட தாய்மார்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் மட்டும், கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் நிவாரணப் படிவத்தில் கட்டம் இருக்கிறது, காட்டுச் செடிக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்படி ஒரு கட்டம் படிவத்தில் உண்மையிலேயே கிடையாது.

இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதே வேறொருவருக்காக. எங்கள் நாற்றங்காலுக்குக் கீழ் அடுக்கில் பூண்டு போடும் அக்காவை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் எழுதவில்லை. மழை நின்ற நான்காம் நாள் மாலை, மூடியில் துளையிட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பாட்டிலுக்குள் ஈர மணலும், மணலுக்குள் கொட்டைகளும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 87.

அவை எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய் விதைகள். நம்முடைய பழனி மலைக்குரியதென்று விவரிக்கப்பட்டு, தென்னிந்திய மலைக்காடுகளை ஆராய்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளாஸ்கோவின் பெயரைத் தாங்கி நிற்கும் மிக அரிய தாவரம் அது, உருத்திராக்கத்தின் உறவு. வளர்ந்தால் மரம். எங்கள் நாற்றங்காலில் முழங்கால் உயரத்தைத் தாண்டாததால் நாங்கள் இன்னும் செடி என்றே சொல்லிவருகிறோம். கொட்டை கல்லைப் போல இறுகியிருக்கும், மேலே மேடும் பள்ளமுமாக வரியோடியிருக்கும். விதைத்த பின் மாதக்கணக்கில் மண்ணுக்குள் அசைவே இருக்காது. வனத்துறை அனுமதியோடு பொறுக்கி வந்து பாத்தியில் ஊன்றிய 112 கொட்டைகளும் பாத்தியோடு போய்விட்டன என்று நான் கணக்கை முடித்து வைத்திருந்தேன்.

அக்காவின் நிலத்தில் இறங்கியிருந்தது எங்கள் பாத்தியின் சேறுதான். அவருடைய பூண்டும் அதற்கடியில்தான் கிடந்தது. அதைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேற்றை வழித்து எறியும்போது ஒரே அளவில் நாலைந்து கொட்டைகள் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டிருக்கின்றன. "ஒரே எடத்துல இத்தனை கொட்டை தானா வராது தம்பி, யாரோ எண்ணி வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு சேற்றை எறியாமல், பூண்டு சலிக்கும் சல்லடையில் கூடை கூடையாகக் கொட்டி, ஓடைத் தண்ணீரில் அலசி, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கல் வேறு கொட்டை வேறாகப் பிரித்திருக்கிறார். விதைப் பூண்டைத் தொட்டே நல்லது கெட்டது சொல்லும் விரல்கள் அவருக்கு. 2019-இல் கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மேடைகளில் யார் யாரோ பேசினார்கள். அந்தப் பூண்டைத் தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்து வைத்த இத்தகைய விரல்களை மேடையில் நான் பார்த்ததாக நினைவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அலசும்போது ஒன்பது கொட்டைகள் தண்ணீரில் மிதந்திருக்கின்றன. மிதப்பது பெரும்பாலும் பொக்கு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவற்றை எறியாமல் தனியாகத் தாளில் பொட்டலம் கட்டி, சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "எறியறதுக்கு நான் யாரு, ஒன் பொருளு" என்று சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அந்த இரண்டு நாட்களில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

மொரிசியசு நாட்டுக்குட்பட்ட ரோட்ரிக்ஸ் தீவில் காஃபே மரோன் என்றொரு புதர்ச்செடி உண்டு, காப்பிச் செடியின் குடும்பம். அழிந்தே போயிற்று என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, 1980-ஐ ஒட்டி, ஆசிரியர் வகுப்பில் காட்டிய பழைய படத்தை நினைவில் வைத்திருந்த ஒரு பள்ளிச் சிறுவன்தான் அதைக் கண்டுபிடித்தான். தீவு முழுவதற்கும் அந்த ஒரே செடி. சுற்றி வேலி போட்டும் மருந்துக்கென்று கிளை ஒடிப்பது நிற்கவில்லை. 1986-இல் அதன் கிளைத் துண்டுகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பிழைத்து வளர்ந்து ஆண்டுக்கணக்கில் பூத்தும் காய் பிடிக்கவில்லை, 2003-இல்தான் பிடித்தது. வெளிநாட்டு மரங்களான தைல மரமும் சீகையும் பைனும் சூழ்ந்துவிட்ட நம் சோலைகளும் இன்று கடல் நடுவே கிடக்கும் தீவுகள்தாம் என்பதால் அந்தக் கதையைப் பலமுறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் கவனம் கியூ தோட்டத்தின் மீதே இருந்தது. அந்தச் சிறுவனை ஒரு வரியில் கடந்துவிடுவேன். இனி அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

கிடைத்த விதை அனைத்தையும் ஒரே பாத்தியில் ஊன்றியது என் பிழை, வேறு யாருடையதும் அல்ல. இனி எந்த அரிய விதையையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டேன். இந்த 87-ஐயும் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை எங்களிடமும், ஒரு பங்கை வட்டக்கானலில் செடி வளர்க்கும் நண்பரிடமும், ஒரு பங்கை அக்காவின் வீட்டுப் பின்புறம் பூண்டு காயவைக்கும் கொட்டகையின் ஓரத்திலும் ஊன்றியாயிற்று. மிதந்த ஒன்பதையும் அக்கா தன் பங்கோடு சேர்த்து ஊன்றச் சொல்லிவிட்டார். அவருடைய நிலத்துச் சேற்றை அள்ள வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரும் மண்வெட்டியோடு வர வேண்டும். நாற்றங்கால் வேலை ஒரு வாரம் பொறுக்கும்.

அக்கா, உங்கள் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடியைத்தான் எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

நன்றியுடன்,
மேல் அடுக்கு நாற்றங்கால்காரன்