‘சி’ என்ற ஓர் எழுத்துக்காக அந்த வீட்டை விட்டுவிடாதே

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு,

டெக்சாஸில் நீங்கள் பார்த்த வீடு பிடித்திருக்கிறது, ஆனால் அந்தச் சின்னப் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்த ஊர்ப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்புக்கு, மாநிலம் ‘ஏ’யிலிருந்து ‘எஃப்’ வரை போடும் மதிப்பெழுத்தில் ‘சி’ போட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை தயங்குகிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்த எழுத்து எங்கிருந்து வருகிறது என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

டெக்சாஸ் மாநிலம் வருஷா வருஷம் நடத்தும் ஸ்டார் (STAAR) தேர்வில் தேறியவர்களுக்கு மூன்று படி: அப்ரோச்சஸ் (நெருங்கியது), மீட்ஸ் (எட்டியது), மாஸ்டர்ஸ் (கரைகண்டது). ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று வை. 30 பேர் முதல் படியைத் தொட்டார்கள், அவர்களில் 18 பேர் இரண்டாவதையும், 6 பேர் மூன்றாவதையும் தொட்டார்கள். 75, 45, 15 சதவீதம். மூன்றுக்கும் சராசரி 45. அதுதான் கணக்குக்குள் போகும் மார்க். 40 பேர் இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலே ஒரு படியில் 2.5 புள்ளி போய்விடும். 400 பேர் எழுதும் பெரிய ஊரில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் சின்ன ஊரின் மார்க்கை ஒரு வருஷம் மட்டும் பார்க்காதே, மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார். அறிக்கையின் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். பிள்ளைகள் மிகக் குறைவு, யாரென்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எழுத்து இப்படித்தான் வருகிறது: பிள்ளைகள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது ஒன்று, போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறினார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு 70 பங்கு. ஏழை, புலம்பெயர்ந்த, சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறதா என்பதற்கு 30. ஏற்றத்தைக் கணிக்கும் பகுதியில், அதே அளவு வறுமை உள்ள மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் அந்த வரியைத்தான் படிப்பேன். ஆசிரியர்களின் உழைப்பு அங்கேதான் தெரியும்.

மாவட்டத்தின் எழுத்து எல்லாப் பள்ளிகளும் சேர்ந்த கலவை. உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரானவர்களின் கணக்கு ஒன்று உண்டு. முன்பு அதில் 60 சதவீதம் வந்தால் ‘ஏ’, 2023-ல் அதை 88 ஆக்கினார்கள். பல மாவட்டங்கள் வழக்குப் போட்டு, அந்த வருஷத்து முடிவு 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், எழுத்து மட்டும் பல இடங்களில் இறங்கியது. ஆகவே பேத்தி போகப்போகும் தொடக்கப் பள்ளியின் எழுத்தைத் தனியாகத் தேடு. ஸ்டார் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதையும் மறக்காதே. அவளுடைய முதல் மூன்று வருஷம் அந்த எழுத்துக்குள் வரவே வராது. அதற்கு நேரில் போய்க் கேட்க வேண்டும்: நான்காம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 22 பிள்ளைகள் என்ற வரம்புக்குள் இருக்கிறார்களா, விலக்கு வாங்கியிருக்கிறார்களா? சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் எத்தனை பேர்? வாரம் நான்கு நாள் பள்ளியா?

இனிப் பணம். ஒரு பிள்ளைக்கென்று பள்ளிக்கு வரும் அடிப்படைத் தொகை 2019-லிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. 2025-ல் 55 டாலர் கூட்டி 6,215 ஆக்கினார்கள். நடுவில் டீசல், இன்ஷூரன்ஸ், சம்பளம் எல்லாம் எவ்வளவு ஏறின என்று உனக்கே தெரியும். இந்தத் தொகை பதிவேட்டில் உள்ள பெயருக்கு இல்லை, அன்றாடம் வந்து உட்காரும் பிள்ளைக்குத்தான். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாநில அரசு நேராகச் சம்பளம் போடுகிறது, ஒரு பிள்ளை லீவு போட்டால் அன்றைக்கு வரவு குறையாது. அங்கே குறையும். 900 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் வருகை 96 சதவீதத்திலிருந்து 94 ஆனால் 18 பிள்ளைகளின் தொகை, அதாவது 1,11,870 டாலர் போச்சு. பஸ் அதே வழியில்தான் ஓடும், வகுப்பில் அதே ஆசிரியர்தான் நிற்பார். செலவில் ஒரு காசு குறையாது.

இதைவிடப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது சொத்து வரியை. வீட்டு மதிப்பு ஏறி வரி கூடினால் பள்ளிக்கு அவ்வளவும் கூடுதலாகப் போகிறது என்று நினைக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு என்பதைச் சூத்திரம் தீர்மானித்துவிடுகிறது. ஊர் வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சமன்பாடு சும்மா வரவில்லை. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியில் டெமெட்ரியோ ராட்ரிகெஸ் என்ற தகப்பன் மற்றப் பெற்றோர்களோடு, பணக்கார ஊர்ப் பள்ளிக்கு அதிகப் பணம், ஏழை ஊர்ப் பள்ளிக்குக் குறைவு என்று 1968-ல் வழக்குப் போட்டார். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஓட்டில் தோற்றார். 1989-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம்தான் எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் இன்று ஓரளவு கிடைக்கிறதென்றால் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

சின்ன மாவட்டத்துக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. 5,000 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத மாவட்டங்களில், 5 வருஷமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ள ஆசிரியருக்கு மாநிலம் 8,000 டாலர் சம்பள உயர்வு தருகிறது. பெரிய மாவட்டத்தில் 5,000தான். அனுபவமுள்ளவர்கள் பக்கத்துப் பெரிய ஊருக்கு ஓடாமல் இருக்க இது உதவும்.

கட்டடத்துக்குக் கடன் வாங்க அனுமதி கேட்கும் பாண்ட் ஓட்டெடுப்பு வந்தால், ஓட்டுச் சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று அச்சிட்டிருக்கும். சட்டப்படி போட்டே ஆக வேண்டும், பதறாதே. அந்தப் பணம் கட்டடம், பஸ் போன்றவற்றுக்குத்தான். ஆசிரியர் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. பட்ஜெட் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பது. சொத்து வரிக்கு ஜனவரி 31 கடைசி நாள் என்பதால் அதற்கு முந்தைய மாதங்களில் கையிருப்புதான் கைகொடுக்கும். ஒரு மாதக் கையிருப்பு உள்ள மாவட்டம் என்றால் யோசி.

கிண்டர்கார்டனில் சேர, பேத்திக்கு செப்டம்பர் 1-க்குள் 5 வயது முடிந்துவிடும்தானே? பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிக்குக் கரண்ட் பில் எடுத்து வை. பல் டாக்டரிடம் போவதாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் நேரம் வாங்கு. பெரும்பாலும் காலையில் குறித்த நேரத்தில்தான் வருகை எடுப்பார்கள், அந்த நேரத்தில் இல்லையென்றால் அன்று முழுக்க ஆப்சென்ட். காலையில்தான் கிடைத்தது என்றால் டாக்டரிடம் சீட்டு வாங்கி, முடிந்ததும் அன்றைக்கே பள்ளியில் கொண்டுபோய் விடு. அப்படிச் செய்தால் வந்ததாகவே கணக்கு.

அன்புடன்,
அப்பா