திருச்சபைச் சட்டம் 1153ஐ எங்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஃபாதர்

கொழும்பு உயர் மறைமாவட்டத் தமிழ்ப் பங்குகளின் குருக்களுக்கு,

என் பெரியம்மாவின் மகள், அக்கா, செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருவா. மெழுகுதிரி கொளுத்துவா, நவநாள் செபம் முழுவதும் முழந்தாளில் இருப்பா. நன்மை (நற்கருணை) வாங்க வரிசை எழும்பும்போது மட்டும் வாங்கிலை விட்டு அசையமாட்டா. பதினொரு வருடமாக இப்படித்தான்.

புருஷன் கை நீட்டுகிறவர். ஒருநாள் இரவு அந்தக் கை பிள்ளையின் மேலும் விழுந்தது. அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினா. வேறு துணை தேடவில்லை. "கடவுள் இணைத்ததைப் பிரித்தவள் நன்மை வாங்கக் கூடாது" என்றது சனம். "சிலுவையைச் சுமக்க வேணும் பிள்ளை" என்றார் ஒரு குருவானவர். அக்கா இரண்டையும் நம்பிவிட்டா.

திருமணம் முறியாத கட்டு என்ற போதனையை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அதே போதனையின் மறுபாதியை ஏன் சொல்வதில்லை என்றுதான் கேட்கிறேன். துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ மனதாலோ பாரதூரமான ஆபத்தை ஒருவர் உண்டாக்கினால், மற்றவர் பிரிந்துபோக அது நியாயமான காரணம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவு. ஆயரின் ஆணையோடு பிரியலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் தானாகவே பிரியலாம். அப்படிப் பிரிந்தாலும் கட்டு அப்படியே இருக்கிறது. மறுமணம் செய்யாமல் வாழும் இவர்களுக்கு நற்கருணை ஊட்டமாக இருக்கவேண்டும் என்று 2016இல் வந்த 'அன்பின் மகிழ்வு' மடலில் பாப்பரசர் பிரான்சிசே எழுதினார். சட்டபூர்வ உரிமைகளையும் பிள்ளைகளையும் காக்க வேறு வழியில்லாதபோது நீதிமன்ற விவாகரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏடு, 2383ஆம் எண்ணில்.

நாட்டின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். விவாகரத்துக்கு அது சொல்லும் காரணங்களில் அடி உதை என்ற சொல்லே கிடையாது. இந்த இடத்தில் நம் திருச்சபைச் சட்டத்துக்குத்தான் கண் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு ஏன் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள்?

பீடத்தின் முன் இருவரும் "நேசிக்கவும் மதிக்கவும்" என்றுதானே வாக்குக் கொடுக்கிறார்கள்? அந்த இரண்டாவது சொல்லுக்குத் திருமண ஆயத்த வகுப்பில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? என் வகுப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரை நாள் போனது. அடிக்கு ஒரு நிமிடமும் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வகுப்பில், மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதே, 1153ஐத் தமிழில் வாசியுங்கள். வருடத்தில் ஒரு ஞாயிறாவது, பிரிந்து வாழ்வதே பாவம் ஆகாது என்று பிரசங்கத்தில் சொல்லுங்கள். தனியாக வந்து கேட்டால் சொல்வோம் என்று இருந்துவிடாதீர்கள். அக்கா வந்து கேட்கமாட்டா. கேட்பதே குற்றம் என்று பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறா.

வருகிற செவ்வாயும் வருவா. வாசலுக்குக் கிட்ட, கடைசி வாங்கில்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பங்குமகள்